அனைவரையும் உள் அடக்குவோம்

ஹைதராபாத்தில் மாதப்பூர் பக்கம் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுப்பிக்கொண்டிருந்த காலத்தில், அப்படியொரு கட்டடத்தின் நான்காம் மாடியில் திரைக்கலை உள்ளடக்கப் பேரவை என்று ஓர் அமைப்பு உதித்தது. சினிமாவிலும் டிவியிலும் யாருக்கெல்லாம் இடம் கிடைக்கவில்லையோ அவர்களுக்கெல்லாம் இடம் வாங்கித் தருவது அதன் நோக்கம். மென்பொருளில் அளவுக்கு மீறிச் சம்பாதித்துவிட்ட ஒரு கம்பெனி, ஏதாவது நல்லது செய்தே தீருவது என்று முடிவெடுத்து அதை நடத்தியது. எது நல்லது என்று தீர்மானிக்கும் பாரத்தைத் தலைவர் சௌந்தரராஜன் தன் தோளில் ஏற்றுக்கொண்டார்.

சௌந்தரராஜன் பன்முகத்தன்மையில் ஊறிய மனிதர். நிர்வாகக் குழுவுக்கு ஆள் எடுக்கும்போதே அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். மயிலாப்பூரிலிருந்து ஒருவர், மாம்பலத்திலிருந்து ஒருவர், அடையாற்றிலிருந்து ஒருவர் என்று எல்லாத் தரப்பையும் சேர்த்தார். அத்தனை பேரும் ஒரே பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள்தான். ஆனால் வேறு வேறு ஹாஸ்டல்.

இந்தப் பேரவைக்குத்தான் ஜெசிந்தா வந்து சேர்ந்தாள். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஆரோக்கியசாமி பணிமனையில் ஃபிட்டர். தாத்தா காலத்தில் வாணியம்பாடிப் பக்கமிருந்து வந்து, ரயில் பெட்டிகளோடு அங்கேயே நின்றுவிட்ட குடும்பம். கல்லூரியில் படிக்கும்போதே மெட்டுகுடாவில் ஒரு வீடியோக் கடையில் சேர்ந்து, கல்யாணம், புதுநன்மை, புதுமனை புகுவிழா என்று அவள் எடுக்காத விசேஷம் கிடையாது. பெரிய படமொன்றின் ஒளிப்பதிவுக் குழுவில் நுழைந்துவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே ஆசை. நுழையத்தான் வழி தெரியவில்லை. கேட்ட இடத்திலெல்லாம், பெண்களுக்கு ஹேர் டிரெஸ்ஸிங்கில் ஏதாவது இருக்கிறதா பார்க்கிறோம் என்றார்கள். அந்த நேரத்தில்தான் பேரவையின் விளம்பரம் வந்தது: ‘கேமராவுக்குப் பின்னால் பெண்’ திட்டம். ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துப் பெரிய படம் ஒன்றின் ஒளிப்பதிவாளரிடம் பயிற்சிக்கு அனுப்புவார்கள். ஜெசிந்தா அன்றைக்கே விண்ணப்பித்தாள்.

நேர்முகத் தேர்வில் சௌந்தரராஜன் கேட்டார். “கேமரா ஓட்டத் தெரியுமாம்மா?”

“தெரியும் சார். மூணு வருஷமா வீடியோ எடுக்குறேன்.”

“அங்கதான் சிக்கல்,” என்று அவர் வருத்தத்தோடு பக்கத்திலிருந்த நந்தகுமாரைப் பார்த்தார். நந்தகுமார் பேரவையின் தொடர்புப் பிரிவு மேலாளர். அமெரிக்காவில் நான்கு வருடம் இருந்துவிட்டு வந்தவர். திரும்பி வந்தது இன்னும் முழுதாகத் தெரியாதவர். “தெரிஞ்சவங்களுக்கே கத்துக்கொடுத்தா அதுக்குப் பேரு பயிற்சியா?” என்று அவரிடமே கேட்டார் தலைவர்.

“ஹவ் சார், ஆனா பெரிய கேமரா தெரியாது சார். சினிமா லைட்டிங்கும் தெரியாது,” என்றாள் ஜெசிந்தா அவசரமாக. லாலாகுடாவில் ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’தான்.

சௌந்தரராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு கருத்து வருகிறது என்று அதற்கு அர்த்தம்.

“இங்க பாரு. ஒரு பொண்ணு கேமராவுக்குப் பின்னால நிக்கறாள்னு வை. அது உலகத்துக்கு ஏன் தெரியமாட்டேங்கறது? பின்னாலயே நிக்கறா, அதான். அதனால அவளை முன்னால கொண்டுவந்து, பின்னால நிக்கற மாதிரி காட்டணும். அதைத்தான் எங்க தொடர்புப் பிரிவு பண்ணறது. நீ ஆறு மாசம் இங்க இரு. முதல்ல செய்தி பரவட்டும். அப்புறம் அந்த சீட் உனக்குத்தான். இது என் வாக்கு.”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ‘சீட் உனக்குத்தான்’ என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. சேர்ந்துவிட்டாள்.

தொடர்புப் பிரிவின் வேலை எளிமையானது. ஜெசிந்தா செய்திக் குறிப்பு எழுதுவாள். நந்தகுமார் அதிலிருக்கும் செய்தியை எடுத்துவிட்டுக் குறிப்பை மட்டும் அனுப்புவார். ‘யாரும் வரவில்லை’ என்று அவள் எழுதினால் ‘நெருக்கமான சூழலில் நடைபெற்றது’ என்று திருத்துவார். ‘இன்னும் தொடங்கவில்லை’ என்பது ‘ஆழமாக வேரூன்றி வருகிறது’ என்றாகும். நாலைந்து மாதத்தில் அந்த மொழி அவளுக்கும் பழகிவிட்டது. வீட்டில் அரிசி தீர்ந்தபோது, “அரிசி அடுத்த கட்டத்துக்குப் போயிருக்குப்பா,” என்று சொல்லி அப்பாவிடம் திட்டு வாங்கினாள்.

எழுத்து வேலையைவிடப் படத்துக்கு நிற்பதுதான் அதிகமாக இருந்தது. அலுவலக வரவேற்பறையில் ஒரு பழைய சினிமா கேமரா நின்றது. எந்த ஸ்டுடியோவோ கழித்துக் கட்டியது. உள்ளே இருந்த சாமான்களையெல்லாம் யாரோ உருவிவிட்டார்கள், வெறும் கூடு. முன்னால் ஒரு கறுப்பு மூடி. அதற்குப் பின்னால் ஜெசிந்தாவை நிறுத்தி, ஒரு கண்ணை மூடச் சொல்லிப் படம் எடுப்பார்கள். முதல் முறை அவள் பழக்கதோஷத்தில் லென்ஸ் மூடியைத் திறந்துவிட்டாள்.

“நோ, நோ! மூடு,” என்று பதறினார் நந்தகுமார். “உள்ள ஓட்டை தெரியுது.”

அவள் மூடிவிட்டு, ஒன்றுமில்லாததை ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி நின்றாள்.

பேரவையில் கொஞ்சம் கறுத்த நிறமுடைய ஆள் அவள் ஒருத்திதான். அதனால் பொறுப்புகள் கூடின. ஒரு மாதம் தலையில் பாசிமணியோடு ஆதிலாபாத் காட்டுப் பெண். மறு மாதம், கடலே இல்லாத ஹைதராபாத்தில், வலையோடு மீனவப் பெண். பிறகு கல் உடைக்கும் பெண், பர்தா போட்ட பெண், நரை ஒட்டிய பெண். வருட முடிவில் எல்லாப் படங்களையும் கணினியில் ஒட்டி, ஐந்து பெண்கள் கைகோத்து நிற்கும் சுவரொட்டி ஒன்று தயாரித்தார்கள். ஐந்தும் ஜெசிந்தா. மேலே ‘வேற்றுமையில் ஒற்றுமை’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. இந்த நாட்டில் அந்தச் சொற்களை அவ்வளவு நேர்மையாக வேறு யாரும் பயன்படுத்தியதில்லை.

ஆறு மாதம் எப்போதோ தாண்டிவிட்டது. அவள் நினைவூட்டும்போதெல்லாம் சௌந்தரராஜன், “செய்தி இன்னும் சரியாப் பரவலையேம்மா,” என்பார். பரப்பும் வேலை அவளுடையது என்பதால் அவளுக்கே குற்ற உணர்ச்சியாக இருக்கும்.

ஆண்டு விழா வந்தது. பேரவையின் முழக்கத்தை ஏழு மொழிகளில் மேடையில் வைப்பதாக ஏற்பாடு. ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருந்தது. தெலுங்குக்கும் உருதுவுக்கும் ஆள் பிடித்துவிட்டார்கள். தமிழ் முழக்கத்தை சௌந்தரராஜன் தானே இயற்றினார். அதற்கென்று ஒரு கூட்டமும் போட்டார்.

“அனைவரையும் உள் அடக்குவோம்,” என்று வாசித்துவிட்டு எல்லோரையும் பார்த்தார். மயிலாப்பூரும் மாம்பலமும் அடையாறும் தலையசைத்தன.

ஜெசிந்தா கையைத் தூக்கினாள். “சார், ‘எல்லாரையும் சேத்துக்குவோம்’னு போட்டா போதாதா சார்?”

“சேத்துக்கறதுன்னா ரொம்ப லோக்கலா இருக்கே.”

“அப்ப ‘உள்ளடக்குவோம்’னு சேத்தாவது எழுதலாம் சார். பிரிச்சு எழுதினா ஒரு மாதிரி இருக்கு.”

சௌந்தரராஜன் கண்ணாடியைக் கழற்றினார். “நீ கேட்டது நல்ல கேள்வி. ஆனா யோசி. உள் ஒரு சொல். அடக்குவோம் இன்னொரு சொல். ரெண்டுக்கும் தனித்தனி அடையாளம் இருக்கு. சந்திங்கற பேர்ல ரெண்டையும் ஒட்டிப் போட்டா, ஒண்ணை இன்னொண்ணு விழுங்கிடறது. பன்முகத்தன்மை பேசற நாமளே சொற்களோட தனித்தன்மையை அழிக்கலாமா?”

மேசையைச் சுற்றிக் கைதட்டல் எழுந்தது. நந்தகுமார் ஒருபடி மேலே போய், இனிமேல் பேரவையின் கடிதங்கள் எதிலும் சந்தியே இருக்கக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஏகமனதாக நிறைவேறியது.

அழைப்பிதழ் அச்சாகி வந்த அன்று மாலை, வீட்டில் அதை வாங்கிப் படித்த ஆரோக்கியசாமி முழக்கத்தை இன்னொரு முறை வாய்விட்டுப் படித்தார். அவர் பங்குக் கோவிலின் நல்லடக்கச் சங்கத்தில் பொருளாளர். யார் செத்தாலும் பெட்டி, மாலை, வண்டி எல்லாம் அவர் பொறுப்பு. அடக்கம் என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்.

“ஏம்மா, உங்க ஆபீஸ்ல அடக்கம் பண்றாங்களா?”

“இல்லப்பா. அது வேற. எல்லாருக்கும் இடம் குடுக்கறதுன்னு அர்த்தம்.”

“நாங்களும் இடம்தான் குடுக்குறோம், கல்லறைல,” என்றார் ஆரோக்கியசாமி. “இருந்தாலும் எங்க சங்கத்துல செத்தப்புறம்தாம்மா அடக்கம் பண்றோம். உசுரோட அனைவரையும்னு நாங்ககூட போட்டதில்ல.”

ஜெசிந்தா சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

மறுநாள் நந்தகுமார் அவளைக் கூப்பிட்டு, மகிழ்ச்சியான செய்தியொன்றை விழாவுக்குள் பத்திரிகைகளுக்கு அனுப்ப வேண்டும் என்றார். ‘கேமராவுக்குப் பின்னால் பெண்’ திட்டத்தின் முதல் பயனாளியைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. விழா முடிந்த மூன்றாம் நாள் படப்பிடிப்பு தொடங்குகிறது. ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழுதுகோலை எடுத்துக்கொண்டு, “பேரு சார்?” என்றாள். தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளக் கூச்சமாகக்கூட இருந்தது.

“ஷ்யாம்,” என்றார் நந்தகுமார்.

அவள் எழுதவில்லை. “ஷ்யாமளாவா சார்?”

“ஷ்யாம். தலைவரோட மச்சினர் பையன்.”

ஷ்யாமை அவளுக்குத் தெரியும். விடுமுறைக்கு அலுவலகத்துக்கு வந்து, ஏசி அறையில் கணினி விளையாட்டு விளையாடுகிற பையன். கெட்டவன் இல்லை. பார்க்கும்போதெல்லாம் அக்கா என்று மரியாதையாகக் கூப்பிடுவான்.

“பெண்களுக்கான திட்டம் சார் இது,” என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

நந்தகுமார் சங்கடப்பட்டார். ஆனால் கூடவே தலைவரும் உள்ளே வந்துவிட்டதால் அந்தச் சங்கடம் அதிக நேரம் நீடிக்கவில்லை.

“பெண்களுக்கான திட்டம்னா ஆண்களை விலக்கற திட்டம்னு அர்த்தமா?” என்றார் சௌந்தரராஜன். “விலக்கறது நம்ம கொள்கைக்கே விரோதம். அதுவுமில்லாம ஷ்யாம் ஒரு சிறுபான்மை.”

“அவரு… எப்படி சார்?”

“இடது கைப் பழக்கம். நாட்டுல பத்துல ஒருத்தர்கூட இல்லை. நம்ம சினிமாவுல இடது கைக்காரங்களோட பார்வை பதிவாகியிருக்கா? யோசி. எத்தனை காலப் புறக்கணிப்பு!”

“அவரு வலது கைலதானே சார் எழுதுவாரு?”

“கேரம் ஆடறது இடது கைல,” என்றார் சௌந்தரராஜன். “அடையாளம்ங்கறது அவங்கவங்க உணர்றது. நாம உள்ள புகுந்து அளக்கக்கூடாது. உனக்கு வருத்தம் இருக்கும், எனக்குத் தெரியாதா? ஆனா யோசிச்சுப் பாரு. நீ போயிட்டா போஸ்டர்ல யார் நிக்கறது? உன்னை மாதிரி அஞ்சு பேரை நான் எங்க தேடுவேன்?”

குறிப்பை எழுத முடியாது என்று அவள் சொல்லிவிட்டாள். நந்தகுமார் பெருந்தன்மையாகத் தானே எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஆரோக்கியசாமி துருவித் துருவிக் கேட்டு நடந்ததைத் தெரிந்துகொண்டார். லாலாகுடாக்காரர்கள் தமிழிலேயே பேசினாலும், ‘ஏன்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் அவர்கள் வாயில் தக்காணி உருதுவின் ‘கைக்கு’தான் வரும்.

“அந்தப் பையனுக்குக் கைக்கும்மா குடுத்தாங்க?”

“கைக்குத்தாம்பா குடுத்தாங்க,” என்றாள் ஜெசிந்தா. “இடது கைக்கு.”

சொல்லிவிட்டு அழுதாள். காட்டுப் பெண்ணாகவும் மீனவப் பெண்ணாகவும் நின்றபோதெல்லாம், இது முடிந்ததும் நம் இடம் என்று எண்ணித்தானே சிரித்துக்கொண்டு நின்றாள்?

“நாளைலேர்ந்து போவாத,” என்றார் ஆரோக்கியசாமி.

“நக்கோப்பா. விழாவுக்குப் போவேன்,” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நம்ம கமலம் அக்காவையெல்லாம் நான்தானே கூப்பிட்டிருக்கேன். அவங்கள அங்க விட்டுட்டு நான் வீட்ல உக்காரவா?”

கமலம் அக்கா லாலாகுடா மகளிர் சங்கத் தலைவி. விழாவுக்கு ‘பல்வேறு தரப்பு மக்கள்’ வேண்டும் என்று பேரவை கேட்டிருந்தது. தரப்புகளைப் பிடித்துவருவதும் தொடர்புப் பிரிவின் வேலைதான். அதனால் கமலம் அக்காவும் குவார்ட்டர்ஸ் பெண்களும் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். காது கேளாதோர் பள்ளி மாணவர்கள் இன்னொரு வேனில். சக்கர நாற்காலிக்காரர்கள் சிலரும் வந்தார்கள்.

அரங்கத்தில் எல்லோருக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. முன்வரிசை சோபாக்கள் விளம்பரதாரர்களுக்கு. அவர்கள் வரவில்லை, ஆனால் துண்டு போட்டிருந்தது. லாலாகுடாப் பெண்களைக் கடைசியில், பெரிய தூணுக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். காது கேளாத மாணவர்கள் அவர்களுக்குப் பக்கத்தில். சைகை மொழிபெயர்ப்பாளர் தூணுக்கு முன்னால் நின்று மிக அழகாகச் சைகை செய்துகொண்டிருந்தார். தூணுக்கு அது எல்லாம் புரிந்திருக்கும். சக்கர நாற்காலிகள் வாசலிலேயே நின்றன. அவை ஏறுவதற்கான சாய்தளத்தில் பேரவையின் பெயரைப் பூக்கோலமாகப் போட்டிருந்ததால், அதைக் கலைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

மேடையின் பின்னால் பிரம்மாண்டமான பேனர். ஏழு மொழிகளில் முழக்கம். கடைசி நேரத்தில் ஒரு விளம்பரதாரர் கூடுதலாகச் சேர்ந்ததால், இடமில்லாமல், அவருடைய சின்னத்தைத் தமிழ் வரியின் நடுவில் ஒட்டியிருந்தார்கள். ‘உள்’ என்ற சொல் அதற்கடியில் போய்விட்டது. இரண்டும் ஒட்டியிருந்தால் அந்த விபத்து நடந்திருக்காது. சொற்களின் தனித்தன்மையைக் காப்பாற்றியதன் பலன், பேனரில் ‘அனைவரையும் அடக்குவோம்’ என்று ஆளுயர எழுத்தில் மின்னியது. ஜெசிந்தா பார்த்தாள். சரிபார்க்க வேண்டியவள் அவள்தான். பேசாமல் இருந்துவிட்டாள்.

மேடையின் ஓரத்தில் அவள் நிற்க வேண்டும், கேமராவுக்குப் பின்னால், விழா முடியும்வரை. உயிருள்ள சின்னம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தார்கள். ஆனால் அலுவலகத்துக் கூடு விளக்கு வெளிச்சத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று நந்தகுமார் ஒரு நிஜ வீடியோ கேமராவை வாடகைக்கு எடுத்திருந்தார். அதுதான் அவர் செய்த தவறு. இன்னொரு தவறை அரங்கத்து எலக்ட்ரீஷியன் செய்தார். கேமரா என்று ஒன்று நின்றால் அது படம் எடுப்பதற்காகத்தான் என்று அந்த அப்பாவி நினைத்துவிட்டார். கேபிளை இழுத்து மேடைக்கு மேலிருந்த பெரிய திரையோடு இணைத்துவிட்டுப் போய்விட்டார். திரை கறுப்பாக இருந்தது. லென்ஸ் மூடியிருந்ததால்.

கேமராவில் சின்னச் சிவப்பு விளக்கு எரிவதை ஜெசிந்தா பார்த்தாள்.

சௌந்தரராஜன் பேச ஆரம்பித்திருந்தார். “திரைக்கலையில் இடம் மறுக்கப்பட்டோரின் குரலாக நான் இங்கே நிற்கிறேன். அவர்கள் சார்பாக அவர்களே பேசினால் உணர்ச்சிவசப்பட்டுவிடுவார்கள். எனவே நாங்கள் பேசுகிறோம்…”

கேமராவின் கண்வில்லையில் அவள் கண்ணை வைத்தாள். இருட்டு. ஒரு வருடத்துக்கும் மேலாகப் பார்த்துப் பார்த்துப் பழகிய அதே இருட்டு. இவ்வளவு நாளும் இதைத்தான் பார்த்தபடி சிரித்துக்கொண்டு நின்றோம் என்று நினைத்தபோது, அவளுக்குள் இருந்த பயம் கழன்று விழுந்தது. கையை நீட்டி மூடியைத் திறந்தாள்.

திரையில் மேடை தெரிந்தது. கேமராவை நிதானமாகத் திருப்பினாள். மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு என்று ஒரே ஜவுளிக்கடையில் வாங்கிய குர்தாக்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. பிறகு பேனர். அதில் தமிழ் வரியை மட்டும் நெருக்கிக் காட்டினாள். பிறகு அப்படியே அரங்கத்தின் பக்கம் திரும்பினாள். துண்டு போட்ட காலி சோபாக்கள். பூக்கோலம். அதற்கு அப்பால் வாசலில் நிற்கும் சக்கர நாற்காலிகள். தூணைப் பார்த்துக் கைகளை ஆட்டிக்கொண்டிருக்கும் மொழிபெயர்ப்பாளர். தூணுக்குப் பின்னால் பட்டுச் சேலைகள்.

தங்களைத் திரையில் பார்த்ததும் லாலாகுடாப் பெண்களிடமிருந்து ஓர் ஆரவாரம் எழுந்தது. கமலம் அக்கா எழுந்து நின்று கையசைத்தாள். காது கேளாத பெண் ஒருத்தி கேமராவைப் பார்த்துச் சைகை செய்தாள். திரையில் அது ஆளுயரத்துக்குத் தெரிந்தது. அவள் வகுப்பே எழுந்து திரையைப் பார்த்துப் பதில் சொல்ல ஆரம்பித்தது. அந்த அரங்கத்தில் அன்றைக்கு முதல்முறையாக யாரோ யாரோடோ பேசிக்கொண்டார்கள். ஜெசிந்தா கேமராவை அவர்கள்மீதே நிறுத்தி வைத்தாள்.

கைதட்டல் தனக்கு என்று நினைத்த சௌந்தரராஜன் இரண்டு வரி கூடப் பேசினார். பிறகுதான் திரும்பிப் பார்த்தார். திரையில் தான் இல்லாததைக் கண்டார்.

“ஜெசிந்தா! என்ன பண்ணற? மூடியைப் போடு!” மைக்கை மறந்துவிட்டார். அவருடைய குரல் அரங்கத்தின் எல்லா மூலையிலும் இடித்தது. “கேமராவுக்குப் பின்னால நில்லுன்னுதானே சொன்னேன்? ஓட்டச் சொன்னேனா? யாராவது அவளை அடக்குங்கப்பா!”

தூணுக்குப் பின்னாலிருந்து கமலம் அக்காவின் குரல் வந்தது. அதற்கு மைக் தேவைப்படவில்லை.

“அவள மட்டும் கைக்கு சார்? அனைவரையும் அடக்குவோம்னுதானே மேல போட்டுருக்கீங்க!”

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் மொழிபெயர்த்துச் சொல்ல, தெலுங்கு தெரிந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு உருது. ஏழு மொழிகளிலும் முழக்கம் போய்ச் சேர்ந்தது அப்போதுதான். யாரோ ஒருவர் பூக்கோலத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு நாற்காலிகளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். ஜெசிந்தா அதையும் காட்டினாள்.

மறுநாள் வேலை போய்விடும் என்று எதிர்பார்த்துத்தான் அலுவலகம் போனாள். சௌந்தரராஜன் எழுந்து நின்று வரவேற்றார். மேசையில் செய்தித்தாள்கள் பரப்பிக் கிடந்தன.

“பிரமாதம்!” என்றார். “புரட்சிகரமான ஒரு நாடகத்தை அரங்கேற்றிய பேரவைன்னு எழுதியிருக்கான். நான் திட்டினதுகூட நாடகத்துல ஒரு பாத்திரம்னு நினைச்சுட்டான். பரவாயில்லைன்னு விட்டுட்டேன். இப்ப ஒரு சின்ன வேலை. ‘பேரவை உருவாக்கிய முதல் பெண் ஒளிப்பதிவாளர்’னு உன் படம் வேணுமாம். நந்தகுமார், அந்தக் கேமராவைத் துடைச்சு வைங்க.”

“அப்ப எனக்கு அந்த சீட் சார்?”

“அது ஷ்யாமுக்குன்னு கடிதம் போயாச்சேம்மா. உனக்கு அடுத்த சுற்றுல முன்னுரிமை.”

நந்தகுமார் வரவேற்பறையில் கூட்டைத் துடைத்து, மூடியைச் சரியாகப் பொருத்தி, அவளுக்காகக் காத்திருந்தார்.

“நக்கோ சார்,” என்றாள் ஜெசிந்தா.

“என்னது?”

“நக்கோ.”

சௌந்தரராஜன் ஹைதராபாத்துக்கு வந்து பல வருடமாகிவிட்டது. “அது எந்த பாஷை?” என்று நிஜமாகவே கேட்டார்.

“இந்த ஊர் பாஷை சார். உங்க ஏழுல இல்ல. வேணாம்னு அர்த்தம்.”

பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வாசல் படியில் ஷ்யாம் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

“அக்கா, நீங்களாவது மாமாகிட்ட சொல்லுங்க. நாளன்னிக்கு விடிகாலைல அஞ்சு மணிக்கு ஷூட்டிங் வரணுமாம். அஞ்சு மணின்னா என்னன்னே எனக்குத் தெரியாது. நான் போகப்போறதில்ல.”

“எந்த இடத்துலப்பா ஷூட்டிங்?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

படப்பிடிப்பு தொடங்கும் நாளன்று விடிகாலையில் ஆரோக்கியசாமி தன் சைக்கிளில் அவளைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டார். பேருந்து வரும்வரை கூடவே நின்றார்.

ஊருக்கு வெளியே, பாறைகள் இன்னும் மிச்சமிருந்த ஒரு மேட்டுக்குக் கீழே படப்பிடிப்பு வண்டிகள் நின்றன. ஒளிப்பதிவாளரின் முதல் உதவியாளர் இளங்கோவன், மதுரைக்காரர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

“யாரும்மா?”

“ஜெசிந்தா சார். பயிற்சிக்கு ஒரு ஆள் வரணும்ல, அந்த இடத்துக்கு.”

“ஷ்யாம்னு ஒரு பையனைல்ல அனுப்புறதாச் சொன்னாய்ங்க? இடது கைக்காரப் பையன்னு ஒரு மூணு தடவை போன்ல சொன்னாய்ங்க. எதுக்குச் சொல்றாய்ங்கன்னு எனக்கு வெளங்கவே இல்ல.”

“அவரு வரல சார். நான் வந்திருக்கேன்.”

“பேரவையில அனுப்புனாய்ங்களா?”

“இல்ல சார். என்னை யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன். வீடியோ எடுத்திருக்கேன். இந்தக் கேமரா தெரியாது, கத்துக்குவேன். போன்னு சொன்னா நாளைக்கும் வருவேன்.”

இளங்கோவன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. அவருக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது.

“பேசிக்கிட்டே நிக்காத. அந்த ஸ்டாண்டைத் தூக்கிக்கிட்டு மேல வா. வெளிச்சம் போயிரும்.”

ஸ்டாண்டு நல்ல கனம். ஜெசிந்தா அதை வலது தோளில் போட்டுப் பார்த்தாள், பிறகு வேண்டுமென்றே இடது தோளுக்கு மாற்றிக்கொண்டாள். மேட்டில் ஏறி, அவர் காட்டிய இடத்தில் கால்களை விரித்து நிறுத்தினாள். இளங்கோவன் கேமராவை ஏற்றிப் பூட்டினார். சூரியன் பாறை விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது.

“என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? மூடியைத் திற,” என்றார்.

திறந்தாள்.